பாத்திர அறைச் சாவியைக் கேட்ட சேகரக் கமிட்டிக்கு

நம் திருச்சபைச் சேகரத்தின் தலைவரான குருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அண்ணாச்சிமார் அனைவருக்கும்,

திங்கட்கிழமை காலையில், ஆலயப் பணி செய்யும் கோவில்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பாத்திர அறைச் சாவியை வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். பழைய அண்டாக்களை எடைக்குப் போட ஆள் வருகிறது என்றார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை, அவரைக் கோபிக்க வேண்டாம். கொடுக்க மாட்டேன் என்று சொன்னது நான். ஏன் சொன்னேன் என்பது உங்களுக்கும் சபையார் எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முந்தின நாள் ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்பை நானும் கேட்டேன். நவம்பரில் வருகிற அறுப்பின் பண்டிகைக்கு விளைபொருள், கோழி, முட்டை என்று ஏலத்துக்கு எதுவும் கொண்டுவர வேண்டாம், காணிக்கையைக் கவரில் போட்டாலோ க்யூஆர் கோடு வழியாக அனுப்பினாலோ போதும் என்றீர்கள். கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் இந்த வருஷம் வேனில், கூலிக்குப் பிடித்த பேண்ட் செட்டோடு; டிசம்பர் 10-க்குள் ஆயிரம் ரூபாய் கட்டிப் பெயர் பதிந்த வீடுகளுக்கு மட்டும். புதுவருஷம் கழிந்து நடக்கும் அசனத்தை, அதாவது நம் கோயிலில் எல்லாருக்கும் போடும் விருந்துச் சாப்பாட்டை, டவுனில் ஒரு கேட்டரிங்காரரிடம் கான்ட்ராக்ட் விட்டாயிற்று; சந்தா பாக்கி இல்லாத குடும்பங்களுக்கு ஆள் கணக்குப் பார்த்து டோக்கன், டோக்கன் இல்லாமல் பந்தலுக்குள் விடமாட்டோம். கடைசியில், "இனிமேல் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் சிரமம் இல்லை" என்றும் சொன்னீர்கள்.

31 வருஷம் அந்தச் சங்கத்தில் இருக்கிறேன். 12 வருஷம் பொருளாளர். எங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா என்று இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. இந்தத் தடவையும் கேட்கவில்லை.

ஐயா, நீங்கள் ஜூனில்தான் இந்தச் சேகரத்துக்கு மாற்றலாகி வந்தீர்கள். 2023 வெள்ளத்தன்று நீங்கள் இங்கே இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலத்து மூன்றாம் ஞாயிறு. அன்று ராத்திரிதான் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதாக இருந்தது. வாலிபப் பிள்ளைகள் டிரம்முக்குத் தோல் மாட்டி, பேட்டரி லைட்டெல்லாம் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார்கள். காலை ஆராதனைக்குப் பாதி சபைகூட வரவில்லை, அப்படி மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது என்பதையெல்லாம் பிறகு பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது, குளம் உடைந்துவிட்டது, கீழத்தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை, அவ்வளவுதான். ஏரல் பாலத்துப் பக்கம் ரோட்டையே தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதும், பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டதும் ஊருலகம் அறிந்த விஷயம். நம் ஊரில் நடந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

கேரலுக்குப் போக இருந்த பதினேழு பையன்களும் அந்த லைட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். வாழைத்தண்டை அடுக்கிக் கட்டித் தெப்பம் செய்தார்கள். எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பாட்டி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள், எந்தச் சந்து பள்ளம், எந்த வீட்டுப் பின்வாசல் மேட்டில் திறக்கும் என்று யாரையும் கேட்காமல் போனார்கள். எப்படித் தெரியும்? வருஷா வருஷம் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அந்த வாசல்களில் நின்று பாடியவர்கள் அவர்கள். கட்டிலில் கிடக்கிற பாட்டிக்குக் கேட்க வேண்டும் என்று ஜன்னல் பக்கமாகப் போய் நின்று பாடியிருக்கிறார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட இருந்த தம்பிதான் அந்தப் பாட்டியை முதுகில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அந்தப் பாட்டி நம் சபைகூட இல்லை. அவள் வீட்டுக்கு முன்னால் பாடுவது எங்கள் அப்பா காலத்திலிருந்து வழக்கம்.

அந்த வீடு ஆயிரம் ரூபாய் கட்டிப் பெயர் பதியுமா ஐயா?

விடியற்காலம் நானும் இன்னும் மூன்று பேருமாகப் பாத்திர அறையைத் திறந்தோம். கோயிலுக்குள் அப்போதே முந்நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஈரத் துணியோடு பிள்ளைகள் பெஞ்சில் படுத்துக் கிடந்தார்கள். வெளியே காய்ந்த சுள்ளி ஒன்று கிடைக்காது. ஆனால் அசனத்துக்கென்று அக்டோபரிலேயே வெட்டிக் காயப்போட்டு சாமான் வைக்கும் உக்கிராணத்துப் பரணில் ஏற்றி வைத்த விறகும் பனைமட்டையும் நனையாமல் இருந்தன. அறுப்பின் பண்டிகைக்கு வந்த அரிசியில் ஏலம் விடாமல் அசனத்துக்கு என்று ஒதுக்கிய 7 சிப்பம் இருந்தது. பருப்பு, மிளகாய்வற்றல், புளி எல்லாம் டின்னில் இருந்தது. பெரிய அண்டாவைக் கொட்டகையில் ஏற்றினோம். கீழத்தெரு அம்மன் கோயில் கொடை விழா நடத்துகிற பிள்ளைகள் தங்கள் கேஸ் அடுப்பு இரண்டையும் தலையில் சுமந்து தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்தார்கள். நான்கு நாள் அடுப்பு அணையவில்லை. ஒரு வேளைக்கு அறுநூறு பேருக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள். கமிட்டி அண்ணாச்சிமாரே, உங்களில் பலபேர் அந்தக் கஞ்சியைக் குடித்தீர்கள். உங்கள் வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தது என் கைதான்.

அந்த நான்கு நாளில் டவுனிலிருந்து எந்த கேட்டரிங்காரரும் வந்திருக்க முடியாது. அவர்மேல் குறை சொல்லவில்லை, ரோடே இல்லை.

அறுப்பின் பண்டிகை, கேரல், அசனம் என்று மூன்று செலவுத் தலைப்பாக உங்கள் நோட்டில் இருக்கிறது. எங்களுக்கு அது ஒரே வேலை. நவம்பரில் வருகிற அரிசிதான் ஜனவரியில் உலையில் போகிறது. டிசம்பரில் வாசல் வாசலாகப் போய் வருகிற பையன்கள்தான் யார் வீட்டில் அசனத்துக்கு ஆள் வர முடியாது, யாருக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோக வேண்டும் என்று வந்து சொல்லுகிறார்கள். ஒன்றை அறுத்தால் மற்ற இரண்டும் நிற்காது.

இப்போது டோக்கனுக்கு வருகிறேன். என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாதது அதுதான்.

உப்பளத்து வேலைக்குப் போகிற ஓர் அக்கா நம் சபையில் இருக்கிறாள். பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் இறந்தபிறகு இரண்டு வருஷமாகச் சந்தா கட்ட முடியவில்லை. அசனத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு, சொந்த அரிவாள்மணையைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவாள். கொட்டகையில் ஓலைப்பாய் விரித்து அறுபது கிலோ சின்ன உள்ளியை (சின்ன வெங்காயத்தை) கொட்டி வைத்திருப்போம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். உள்ளிச் சாறு அதில் பட்டால் எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து விரலுக்கு விரல் சுற்றிக்கொள்வாள். ராத்திரி இரண்டு மணிவரை எழுந்திருக்க மாட்டாள். நடுவில் யாராவது ஒரு பாட்டை எடுப்பார்கள், எல்லாரும் சேர்ந்துகொள்வோம். கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பாடிக்கொண்டிருப்போம். பேறுகாலம் பார்த்தது, மாப்பிள்ளை பார்த்தது, யார் வீட்டில் சண்டை என்று எல்லாப் பேச்சும் அங்கேதான். ஆறுமாதம் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரே உள்ளிக் குவியலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காலையில் கறிக்குழம்பு கொதி வந்ததும் உப்புப் பார்க்க அந்த அக்காவைத்தான் கூப்பிடுவோம். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு கை" என்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். வருஷம் முழுக்கக் கடைசிப் பாயில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறவள் அவள். அன்று ஒரு நாள் கொட்டகை முழுக்க அவள் பேர் கேட்கும்.

கான்ட்ராக்டர் வந்தால் உள்ளி வெட்ட ஆள் கூட்டிக்கொண்டு வருவார். இந்த அக்காவுக்குக் கொட்டகையில் வேலை இல்லை. சந்தா பாக்கி, அதனால் பந்தலிலும் இலை இல்லை. முப்பது அசனத்துக்கு உப்புப் பார்த்தவளைப் பந்தல் வாசலில் நிறுத்தி டோக்கன் எங்கே என்று கேட்கப்போகிற வாலண்டியர் யார்? அதையும் கமிட்டி முடிவு செய்துவிட்டதா?

நம் பக்கத்து ஊர்களில் எந்த அசனத்துக்காவது போய்ப் பாருங்கள். சாதி, மதம் கேட்டு இலை போட மாட்டார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் பந்தி. நேர்ச்சையாக ஆடு கொண்டுவந்து கட்டுகிறவர்களில் கோயிலுக்கே வராத ஆட்களும் உண்டு. கேஸ் அடுப்பைத் தலையில் சுமந்து வந்த கீழத்தெருப் பிள்ளைகளுக்கு டோக்கன் எந்தக் கணக்கில் கொடுப்பீர்கள்?

அண்டாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மொத்தம் 14. அவை சேகரத்துச் சொத்து இல்லை, கமிட்டிப் பணத்தில் வாங்கியதும் இல்லை. எங்கள் அம்மா காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பங்கரையில் ஒரு தகர டப்பா இருக்கும். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளில் கை சின்னதாகும், ஆனால் போடாமல் இருக்க மாட்டாள். மாதம் ஒருமுறை எல்லா டப்பாவையும் கொண்டுவந்து கோயில் வராந்தாவில் கொட்டி அளந்து விற்பார்கள். அந்தப் பணத்தில் 1988-ல் வாங்கிய முதல் அண்டாவின் விளிம்பில் 'பெ.ஐ.ச. 1988' என்று வெட்டியிருக்கிறது. இன்னொரு அண்டாவின் விளிம்பில் ஒரு பையனுடைய பேரும் இரண்டு தேதியும் இருக்கும். கடலில் போன பிள்ளை. அவனுடைய அம்மா அவன் ஞாபகமாக வாங்கிக் கொடுத்தது. அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், கமிட்டியில் ஒருவருக்குச் சொந்தச் சித்தி. அந்த அண்டாவையும் கிலோ கணக்கில் நிறுத்துப் போடுவதா?

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காணிக்கை போதும் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். நெல்லைத் திருச்சபையின் பெருமை என்று அதை ஒவ்வொரு மிஷனரி ஞாயிறும் பிரசங்கத்தில் சொல்லுகிறோம். பணம் இல்லாதவர்களும் பிடி அரிசியோடு வந்து நின்ற சபை இது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சின்னப் பிள்ளை கொண்டுவந்த ஒற்றை முட்டை போன வருஷம் 300 ரூபாய்க்குப் போனது. ஏலம் எடுத்தவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு முட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவள் அதை மறுபடியும் மேசையில் கொண்டுபோய் வைத்தாள், மறுபடியும் ஏலம் போனது. க்யூஆர் கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, துபாயில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அது வசதி. ஆனால் முட்டையும் முருங்கைக்காயும் வைக்கிற மேசையை எடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களில் நியாயமானதும் இருக்கிறது. போன அசனத்தில் சோறு வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி ஒரு தம்பியின் காலில் கொட்டிவிட்டது. மூன்று வாரம் அவனால் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். அவன் அலறின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம், எங்களுக்கு வயதாகிறது என்பதும் உண்மை. சங்கத்தில் இருக்கிற 40 பேரில் 22 பேர் அறுபது தாண்டியவர்கள். இளம்பெண்கள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். பாத்திரம் கழுவி முடித்தபிறகு இரண்டு நாள் இடுப்பை நிமிர்த்த முடியாது.

ஆனால் அதற்கு வழி, வேலையை எங்கள் கையிலிருந்து பிடுங்குவது இல்லை. வேலைக்கு இன்னும் ஆள் சேர்ப்பது. அண்ணாச்சிமார் வெள்ளை வேட்டி சட்டையோடு பந்தி விசாரிக்க வருகிறீர்கள், சந்தோஷம். சாம்பலும் புளியும் போட்டு அண்டா தேய்க்கிற கிணற்றடிக்கு எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்? எருசலேம் சபையில் விதவைகளுக்குப் பந்தியில் குறை வைத்தார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முதலில் சபையாரைக் கூட்டினார்கள். சபையாரையே தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். பந்தி விசாரணைக்கென்று ஏழு ஆண்களை நிறுத்தினார்கள். அதில் முதல் பேர் ஸ்தேவான். கிறிஸ்மஸுக்கு மறுநாள் அவர் நாள்தான். ஐயா, இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சபையாரைக் கூட்டுங்கள் என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

கணக்கும் என்னிடம் இருக்கிறது. போன அசனத்தில் 21 கட்டு இலை பிரித்தோம், கட்டுக்கு நூறு, மொத்தம் 2,100 இலை. அரிசியும் ஆடும் காணிக்கையாக வந்தது போக, கையிலிருந்து செலவழித்தது 1,94,000 ரூபாய். பில்லெல்லாம் ஃபைலில் இருக்கிறது. கான்ட்ராக்ட், இலைக்கு 240 ரூபாய் வீதம் 1,200 இலைக்கு 2,88,000 என்று கேள்விப்படுகிறேன். 94,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, 900 பேருக்குக் குறைவாகப் போடப்போகிறோம். அந்த 900 பேர் யார் என்று யோசித்தீர்களா? டோக்கன் வாங்க வழியில்லாதவர்கள்தான்.

நாங்கள் கேட்பது இதுதான்.

அண்டாக்களை எடைக்குப் போடும் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். அவை பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உடைமை. சங்கம் கூடித் தீர்மானம் போடாமல் ஒரு கரண்டிகூட வெளியே போகக் கூடாது.

கான்ட்ராக்டில் கையெழுத்து ஆவதற்கு முன், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் கூட்டுங்கள். சந்தா பாக்கி இருக்கிறவர்களும் அதில் பேசவேண்டும். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றால் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.

சபையே கேட்டரிங்தான் வேண்டும் என்று முடிவு செய்தாலும் சரி, டோக்கன் மட்டும் கூடாது. பந்தல் வாசலில் யாரையும் நிறுத்தக் கூடாது. இதில் நாங்கள் இறங்கி வர மாட்டோம்.

கேரல் ரவுண்ட்ஸ் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும், நடந்தே போகவேண்டும். கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், ஒரு டம்ளர் கட்டன் சாயா கொடுத்தாலும் போதும். பையன்கள் இரண்டே ராத்திரியில் ஓடி அலைவதால்தான் களைத்துப்போகிறார்கள். டிசம்பர் 15-லிருந்து ஆறு ராத்திரியாகப் பிரித்துக் கொடுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு விளைபொருள் மேசையும் ஏலமும் பழையபடி இருக்கட்டும்.

அசன வேலைக்கென்று ஒரு குழு போடுங்கள். அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். 13 பேர் கமிட்டியில் ஒரே ஒரு பெண் இருந்துகொண்டு நாற்பது பெண்களின் வேலையை முடிவு செய்வது இனி வேண்டாம். தூக்குவது, வடிப்பது, பாத்திரம் கழுவுவது மூன்றும் ஆண்கள் பொறுப்பு என்று எழுத்தில் வையுங்கள். அண்டாவைத் தூக்காமல் சாய்த்து வடிக்க இரும்பு ஸ்டாண்ட் இரண்டு, அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ், முதலுதவிப் பெட்டி, இவ்வளவும் வாங்க நாற்பதாயிரம் ஆகாது. காலில் கஞ்சி கொட்டிய தம்பிக்கு மூன்று வாரக் கூலியும் அதிலிருந்தே கொடுங்கள். இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். சாவி எங்கள் வீட்டு முன்னறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. சபைக் கூட்டத்தன்று நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்கப் பொருளாளர்